கீழ்க்கடை விலை

ஐலிஃப் தன் மனைவியின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு காபிக்கு விலைச்சீட்டு எழுதியதில் ஆரம்பித்தது வினை. நாற்பத்தொன்பது க்ரோனர் என்று எழுத நினைத்துப் பத்தொன்பது என்று எழுதிவிட்டான். அவன் இவன் என்கிறேனே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அறுபதைத் தாண்டியவன்தான். ஆனால் எங்கள் ஊரில் அரசரைத் தவிர எல்லோரும் ‘நீ’தான், அரசரும் இந்தப் பக்கம் வருவதில்லை.

எங்கள் ஊர் ஹெல்லவோக். நவம்பர் கடைசியில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்ப் படுத்தால் ஜனவரி பாதிக்குமேல் எழுந்திருக்கிற வடக்கு. இடைப்பட்ட நாட்களில் நடுப்பகலில் கொஞ்ச நேரம் வானம் நீல மையைக் கரைத்து ஊற்றியது போல இருக்கும். மற்றபடி விளக்குதான். இங்கே இரண்டு கடைகள். சாலைமேட்டில் இருப்பது மேல்கடை; நாடு முழுக்கக் கிளை பரப்பிய பெரிய நிறுவனத்துடையது. படகுத்துறையில் இருப்பது கீழ்க்கடை. ஐலிஃபுக்கும் அவன் மனைவி குன்வோருக்கும் சொந்தமானது, வங்கிக்கு அடுத்தபடியாக. கடைக்கு மேலேயே அவர்கள் வீடு. கடனுக்கு இரண்டையும் சேர்த்துத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கடை விழுந்தால் வீடும் விழும். இது ஊரில் பூனைக்குக்கூடத் தெரியும்.

மேல்கடையில் யோருன் விலை வேட்டைக்காரி. துப்பாக்கி எல்லாம் கிடையாது. கையில் ஒரு சின்னக் கருவி. அதைக் கொண்டுபோய் எதிரிக் கடையில் ஒவ்வொரு பொட்டலத்தின் பார்கோடிலும் காட்டி, சீட்டில் உள்ள விலையைத் தட்டிக்கொள்ள வேண்டும். மேல்கடையின் கணினி அதைப் பார்த்து ஒரு க்ரோன் கீழே தன் விலையை வைத்துக்கொள்ளும். “எங்களைவிட மலிவு எங்குமில்லை” என்று வாசலில் பலகையே இருக்கிறது. எதிரியின் ஆளை உள்ளே விடுவதும், அவளுக்குக் காபி ஊற்றிக் கொடுப்பதும் இங்கே வழக்கம். யோருனும் குன்வோரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள் வேறு.

அன்றைக்குக் காபி அலமாரிக்கு முன்னால் வந்ததும் யோருன் ஒரு நிமிஷம் நின்றாள். ‘பத்தொன்பதா?’ என்று கேட்டிருக்கலாம். கேட்கக்கூடாது என்பது அவள் வேலையின் விதி. தட்டிக்கொண்டு, காபியைக் குடித்துவிட்டு, மேடேறிப் போய்விட்டாள். மதியத்துக்குள் மேல்கடையில் காபி பதினெட்டு. ஊரே மேடேறியது. நான் ஆறு பொட்டலம் வாங்கினேன். எனக்குக் காபி ஆகாது, வயிற்றைப் புரட்டும். என்ன செய்வது, விலை அப்படி.

மறுநாள் தோர்லைஃப் கீழ்க்கடைக்கு வந்தான். சின்னப் படகு வைத்துத் தனியாகத் தூண்டில் போடுகிறவன். தாடியில் பனிக்கட்டி தொங்க நின்றுகொண்டு தொப்பியைக் கழற்றினான். அவன் தொப்பியைக் கழற்றுவது சாவு வீட்டில் மட்டும்தான்.

“குன்வோர், காபிக்கு ரொம்ப நன்றிடி.”

“நீ எங்கிட்ட வாங்கலையேடா.”

“வாங்கல. ஆனா நீ எழுதினதாலதான அவன் எறக்கினான்?” கொஞ்சம் தயங்கினான். “வெண்ணெயயும் கொஞ்சம் பாரேன்.”

“எறக்கினா இங்க வாங்குவியா?”

“அதெப்படி?” உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டான். “நீ எறக்கினா அவன் அதுக்கும் கீழ போவானே.”

போகும்போது வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டான்.

குன்வோர் வெண்ணெயை இறக்கினாள். ஏன் இறக்கினாள் என்று ஐலிஃப் கேட்டதற்கு, “மாட்டேன்னா இந்தப் பக்கமே வரமாட்டாங்க” என்றாள். பயம்தான். வாடிக்கைக்காரனிடம் கடைக்காரிக்கு உள்ள பயம், வெளியே சிரிப்பு மாதிரித் தெரியும். அடுத்து மாவு, பிறகு குழந்தைகளின் நாப்பி, பிறகு பழுப்புப் பாலாடைக்கட்டி. ஒவ்வொருவராக வந்தார்கள், தங்களுக்கு வேண்டியதைச் சொன்னார்கள், தீப்பெட்டி வாங்கினார்கள். டிசம்பர் பிறந்தபோது ஹெல்லவோக்கை மூன்று முறை கொளுத்துகிற அளவுக்கு வீடுகளில் தீப்பெட்டி இருந்தது.

அலமாரியில் சரக்கு இருந்தால் போதும், யோருனின் கருவிக்கு. அதனால் குன்வோர் ஒவ்வொன்றிலும் இரண்டு மட்டும் வைத்தாள், மற்றது சரக்கறையில். வாங்க ஆளில்லாததால் அந்த இரண்டும் அப்படியே இருந்தன. தினமும் தூசி தட்டினாள். காலையில் எழுந்ததும் கடப்பாரையால் படிக்கட்டு ஐஸைக் கொத்துவாள், மணல் தூவுவாள், மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து வரும் மருந்துப் பைகளைப் பெயர் பார்த்து அடுக்குவாள், படகுகளுக்கு டீசல் அடிப்பாள். கை வெடித்துப் போயிருந்தது. மீன் எண்ணெயைத் தடவிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தால், கண்ணாடிக்கு வெளியே மேடேறும் கார் விளக்குகள். ஒவ்வொன்றும் யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

ஐலிஃபுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காட் மீனை அவித்து உருகிய வெண்ணெயோடு வைத்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். காற்று கூரையை ஆட்டும்போதெல்லாம் எழுந்துபோய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பான்.

“கிறிஸ்துமஸ் தாண்டுமா?” என்பான்.

“சாப்பிடு.”

“ஸ்காரவிக் கடைய நெனச்சுக்கிட்டேன்.”

“நெனைக்காம சாப்பிடு.”

ஸ்காரவிக் அக்கரை ஊர். அங்கேயும் இரண்டு கடை இருந்தது. சின்னது மூடியது. மேல்கடைக்காரர்களின் கிளைதான் பெரியது. மூடிய வாரமே பாலுக்கும் ரொட்டிக்கும் விலை ஏறியது. தப்பென்று சொல்லவும் முடியாது, ஒப்பிட்டுப் பார்க்கத்தான் பக்கத்தில் யாருமில்லையே. அடுத்த வருஷம், வியாபாரம் போதவில்லை என்று அதையும் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது ஸ்காரவிக்காரர்கள் பால் வாங்க மலைக்கணவாயைத் தாண்டுகிறார்கள்; எங்களுக்கும் வேறு கடை வேண்டுமென்றால் அதே வழிதான். குளிர்காலத்தில் அந்தக் கணவாயில் பனி சரிந்தால், சாலை எது பள்ளம் எது என்று வசந்தத்தில்தான் தெரியும்.

கீழ்க்கடை ஜனவரியைப் பார்க்காது என்று எப்படியோ ஊரில் பரவிவிட்டது. அதன் பிறகு ஊருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பன்றி விலா இறைச்சியின் விலை விழுந்துகொண்டிருந்தது. எல்லோர் உறைபெட்டியிலும் கிறிஸ்துமஸ் விலா நிரம்பி மூடி மூடவில்லை. மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டு நாங்கள் பயந்தோம்.

பயம் வந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் செய்வது ஒன்றுதான். கூட்டம் போட்டு, வாஃபிள் சுட்டு, எல்லோரும் சம்பளமில்லாமல் கைகொடுக்கிற ஊர்வேலையை ஆரம்பிப்பது. கூரை ஒழுகினாலும், படகு மூழ்கினாலும், யாருக்காவது விவாகரத்து ஆனாலும் இதேதான். ஊர்ச் சங்கத்தின் தலைவி ஸ்வான்ஹில்ட், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கரண்டியால் குவளையைத் தட்டினாள்.

“கீழ்க்கடை மூடக்கூடாது. இதுல யாருக்கும் ரெண்டு கருத்து இல்லையே?”

இல்லை. எல்லோர் வாயிலும் வாஃபிள் இருந்தது.

“அதனால வீட்டுக்கு இவ்வளவுன்னு மாசாமாசம் குடுத்துருவோம். குளிர்காலச் சந்தையில வாஃபிள் வித்துக் கொஞ்சம் சேக்கலாம். கடை தொறந்திருக்கணும், சீட்டு தொங்கணும். அது போதும்.”

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நல்ல காரியம் செய்கிற சூடு நெஞ்சில் பரவியது. அப்போது பின்வரிசையில் குன்வோர் எழுந்தாள்.

“அந்தக் காசுக்கு எங்கிட்ட சாமான் வாங்கலாமே?”

ஸ்வான்ஹில்ட் கனிவாகச் சொன்னாள்: “அது அவங்கவங்க சொந்த விஷயம், குன்வோர். இது ஊர்வேலை.”

“நான் கடைக்காரி, ஸ்வான்ஹில்ட். என்னைய ஏன் வயல்ல குச்சி நட்டு நிறுத்துற பொம்மையாக்குறீங்க?”

“யாரும் அப்படிச் சொல்லலயே.”

“சொல்லல. மாசச் சம்பளம் போட்டுட்டீங்க.” பக்கத்தில் ஐலிஃப் அவள் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். உட்கார மாட்டேன் என்று நின்றாள். “நாளைக்குக் காலையில எல்லாச் சீட்டையும் மாத்துறேன். எனக்கு என்ன வெலைக்கு வருதோ, அதுக்கு மேல எங்க ரெண்டு பேரு வயித்துக்குக் கொஞ்சம். அவ்வளவுதான். புடிச்சா வாங்குங்க.”

“பைத்தியமா உனக்கு?” என்றான் தோர்லைஃப். “இப்பவே மேல போறோம். நீ ஏத்தினா சொல்லவே வேணாம். சனம் மொத்தமும் மேலதான்.”

“மேலயும் ஏறும்.”

சொன்னது யோருன். ஜன்னலோரம், எல்லோரையும் போல மடியில் வாஃபிளோடு உட்கார்ந்திருந்தாள். அவளும் ஊர்க்காரிதானே.

“என்னது?”

“மெஷினுக்கு எறங்கத் தெரிஞ்ச மாதிரி ஏறவும் தெரியும். இவ ஏத்தினா இவளுக்கு ஒரு க்ரோன் கீழ வந்து நிக்கும். இந்த ஊர்ல யாரும் ஏத்திப் பாத்ததில்ல, அதான் உங்களுக்குத் தெரியல.”

கணக்கு எல்லோர் முகத்திலும் மெல்ல ஏறியது. மேலே ஏறாவிட்டால் கீழ்க்கடை செத்தது. ஏறினால் கீழ்க்கடைக்கு உயிர், நமக்குச் செலவு. நடுவில் இருப்பது யோருனின் கை. ஒவ்வொரு தலையாக ஜன்னல் பக்கம் திரும்பியது.

“யோருன்,” என்றான் தோர்லைஃப், ரொம்ப அன்பாக. “உனக்கு முதுகுவலின்னு சொல்லிட்டிருந்தியே?”

“அது போன வருஷம்.”

“முதுகுவலி திரும்பி வரும். என்னத்துக்கு அசட்டையா இருக்கே?”

“மூக்கெல்லாம் செவந்திருக்கு” என்றாள் வேறு ஒருத்தி.

“இந்தக் குளிர்ல யாரு மூக்குடி செவக்கல?”

ஸ்வான்ஹில்ட் தொண்டையைச் செருமினாள். “மூணு நாள் டாக்டர் சீட்டே வேணாம். உடம்பு முடியலன்னு நீயே எழுதிக் குடுத்தாப் போதும். இது உன் உரிமை, யோருன். கிறிஸ்துமஸ் வரைக்கும் மேல பழைய வெலையே நிக்கும். யாருக்கும் நஷ்டமில்ல.”

“எனக்கு?” என்றாள் குன்வோர்.

ஸ்வான்ஹில்ட் குன்வோருக்கு மேலும் ஒரு வாஃபிள் எடுத்து வைத்தாள். யோருன் பாதி தின்றதை நாற்காலியில் வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் வெளியேறினாள். அவள் காலணி ஆணிகள் ஐஸில் கொறுக் கொறுக்கென்று போவது வெகுதூரம் கேட்டது.

மறுநாள் காலையில் குன்வோரும் ஐலிஃபும் சீட்டுகளை மாற்றினார்கள். இருட்டு. கடலிலிருந்து காற்று உப்பை அள்ளிவந்து கண்ணாடியில் அறைந்தது. விலாவின் சீட்டை ஐலிஃப் இரண்டு முறை கீழே தவறவிட்டான். குன்வோர் வாங்கிச் செருகினாள். பிறகு காத்திருந்தார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தால் மேட்டில் யோருனின் வீடு தெரியும். சமையலறை விளக்கு எரியவில்லை.

“வரமாட்டா” என்றான் ஐலிஃப்.

“வருவா.”

“மூணு நாள்னா மூணு நாள். அதுக்கப்பறம் வேற ஏதாவது வலி. விலா வாங்குற சனம் அதுக்குள்ள வாங்கி முடிச்சிரும். நம்ம உறைபெட்டியில இருக்குறத நாமதான் திங்கணும்.”

“திம்போம்.”

“எங்க உக்காந்து?”

மேலே அவர்கள் வீட்டு மரத்தரை தானாக ஒரு முறை முனகியது. குளிரில் மரம் அப்படித்தான் செய்யும். இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

யோருன் வரும் நேரம் கடந்தது. காபி சட்டியில் கறுத்து வற்றியது. குன்வோர் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக வைத்தாள். வானத்தில் நீலம் ஊறத் தொடங்கியபோது கதவு திறந்தது. யோருன் கழுத்துத் துணியைக் கண் வரைக்கும் சுற்றியிருந்தாள்.

“உடம்பு முடியலையா?” என்றான் ஐலிஃப். கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

“நான் எந்திரிக்கிறதுக்குள்ள மூணு வீட்டுலருந்து சூப்பு கொண்டாந்து வாசல்ல வெச்சிட்டுப் போயிருக்காங்க. ஒருத்தி கம்பளிச் சாக்ஸ் வேற. படுத்துக்கோ, நல்லா ஓய்வெடுன்னு சீட்டு.” அவள் கருவியை எடுத்தாள். “எம் பொறந்தநாளுக்கு ஒருத்தியும் வந்ததில்ல.”

ஒவ்வொரு அலமாரியாகப் போனாள். கருவி கத்திக்கொண்டே வந்தது. காபி, வெண்ணெய், மாவு, விலா. குன்வோர் பின்னால் போகவில்லை. கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடிந்ததும் யோருன் காபியைக் கையில் வாங்கினாள், குடிக்கவில்லை.

“இனிமே எங்கூட யாரு பேசுவாங்க, குன்வோர்?”

“நான் பேசுவேன்.”

“நீ ஒருத்தி.”

“ஐலிஃபும் பேசுவான். கொஞ்சம் கொறச்சு.”

யோருன் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. குவளையை வைத்துவிட்டு மேடேறினாள்.

மதியத்துக்குள் மேல்கடையில் எல்லாமே ஏறின, குன்வோருக்கு ஒரு க்ரோன் கீழே வந்து நின்றன. முதலில் வந்தவன் தோர்லைஃப். உறைபெட்டியைத் திறந்து விலாவைப் பார்த்தான்; எங்கள் பக்கத்து மீனவர்கள் மட்டும் அறிந்த சில வார்த்தைகளை விலாவிடம் சொன்னான்.

“என்னடா, உறைபெட்டி மூடல மூடலன்ன? இன்னும் வேணுமா?” என்றாள் குன்வோர்.

“மச்சினன் குடும்பத்தோட வர்றான். ஆறு பேரு. தின்னிப்பட்டாளம்.” விலாவைத் தூக்கித் தோளில் போட்டான். “ஒரு க்ரோனுக்காக அந்த ஐஸ் மேட்டுல ஏறி எவன் காலை ஒடிச்சுக்கிறது? காபி இருக்கா?”

“இருக்கு.”

“அதுக்கும் வெல ஏத்திட்டியா?”

“குடிக்கிறதுக்குச் சும்மாதான்.”

அடுத்து இருவர் வந்தார்கள், பிறகு நால்வர். கடைக்குள் ஈரக் கம்பளி நாற்றமும் பேச்சும் நிறைந்தன. ஸ்வான்ஹில்ட் கூடப் பாலும் நாப்பியும் வாங்கினாள், பேரனுக்கு. ஊர்வேலை பற்றி ஒன்றும் பேசவில்லை. நான் வெண்ணெய் வாங்கினேன். வீடு போய்ச் சேரும்வரை முணுமுணுத்தேன். ஆனால் கீழ்க்கடை ஜனவரியைப் பார்க்கும் என்று தெரிந்த நிம்மதி, வெண்ணெயைப் போலவே கையில் கனமாக இருந்தது.

அதற்குப் பின் நடந்ததைக் குன்வோர் எனக்கு வசந்தத்தில்தான் சொன்னாள், டீசல் குழாயைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல்.

அன்று மாலை ஐலிஃப் இரண்டு தட்டு மீன் சாப்பிட்டான். உருளைக்கிழங்கு கேட்டான். தட்டை வழித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டு கொஞ்சநேரம் கூரையையே பார்த்தான்.

“குன்வோர்.”

“ம்.”

“நீ எம்பத்தஞ்சுன்னு எழுதினா அவன் எம்பத்துநாலுன்னு எழுதுறான்.”

“ஆமா.”

“தொண்ணூத்தஞ்சுன்னு எழுதினா?”

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை நிறுத்தினாள்.

“நம்ம வயித்துக்குன்னு சொல்லி வெச்ச வெல அது, ஐலிஃப்.”

“வயித்துக்கு இருக்கட்டும். கடனுக்கு? கணவாயத் தாண்டி எவன் போவான்? யாரும் போகமாட்டான். நீயும் நானும் இங்க உக்காந்து ஒரு நம்பர் எழுதினா, இந்த ஊர்ல எல்லாரும் அந்த நம்பரத் திம்பாங்க. மேல இருக்குறவன் கேக்கக்கூட மாட்டான். அவனுக்கும் லாபம்தான?” அவன் குரலில் பேராசை இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. எத்தனையோ மாதம் கழித்துத் தூக்கம் வரப்போகிறவனின் நிம்மதி மட்டும்தான் அதில் இருந்தது.

“போய்ப் படு” என்றாள்.

அவன் படுத்தான். அவள் கீழே கடைக்கு இறங்கினாள். விளக்கைப் போடாமல் அலமாரிகளுக்கு நடுவே நின்றாள். இவ்வளவு நாளும் இந்த இடத்தில் நின்றுகொண்டு மேட்டைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறாள். இப்போது மேட்டில் பயப்பட ஒன்றுமில்லை. தன் கடை, தன் கையெழுத்து. அவன் சொன்னது உண்மையில்லை என்று நிரூபித்துவிட வேண்டும்போல இருந்தது. கிளெமன்டைன் என்கிற குட்டி ஆரஞ்சுப் பெட்டியின் சீட்டை எடுத்து, ஒரு க்ரோன் மட்டும், ஒரே ஒரு க்ரோன், கூட்டி எழுதிச் செருகினாள். யாராவது கத்துவார்கள், தோர்லைஃப் நிச்சயம் கத்துவான். உடனே பழையபடி மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

காலையில் யோருன் வந்தாள். தட்டிக்கொண்டாள். மதியத்துக்குள் மேலேயும் ஒரு க்ரோன் ஏறியிருந்தது.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் மும்முரத்தில் பை பையாக வாங்கிப் போனார்கள். நானும் ஒரு பை வாங்கினேனாம். எனக்கு ஞாபகமே இல்லை. தோர்லைஃப் கல்லா முன்னாலேயே ஒரு பழத்தை உரித்து, சுளையை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: “இந்த வருஷம் இனிப்புடி, குன்வோர்.”

அவள் சரக்கறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். கை இரண்டையும் அக்குளில் வைத்துக்கொண்டாள். விரல் மரத்துப்போயிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் கல்லா திறந்து மூடும் சத்தம், சிரிப்பு, ஈரக் காலணிகள். பிறகு ஐலிஃப் கதவைத் தட்டினான், மெதுவாக, உற்சாகமாக.

“குன்வோர், விலாவுக்கு எவ்வளவு போடட்டும்?”